பரணில் இருந்த பெர்னாத்

அன்பும் அரசாங்க உத்தியோகமும் ஒருங்கே வாய்த்த மச்சான் பெர்னாத் சொபாகுவாவுக்கு, ஹத்துலோவாத் தீவின் ஊர்த்தலைவனும் உன் அக்காளைக் கட்டிக்கொண்டவனுமாகிய தொமிங்குஸ் துஹுமேனா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே கிராம்பு நன்றாக மொட்டு விட்டிருக்கிறது. என் முழங்கால் வலியும் அதே கிருபையால் குறைவின்றி இருக்கிறது. உன் மனைவி, மக்கள், புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிள் எல்லோரும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். உன் அக்கா யாகோமினாவும் சுகம்தான், ஆனால் என்னோடு பேசுவதில்லை. அது ஏன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். கடைசி வரை வாசி. வாசித்து முடித்ததும் வேறு வேலை பார்க்காமல் கப்பலை அனுப்பு.

தீவில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று பார்த்து எழுத ஆராய்ச்சியாளர்கள் சிலர் வருகிறார்கள், அவர்கள் பார்ப்பதைப் படம் எடுக்க ஜகார்த்தாவிலிருந்து ஒரு சினிமாக் கூட்டமும் வருகிறது, எல்லோரும் சாதுக்கள், இருக்கும் இடமே தெரியாது என்று நீ எழுதியிருந்தாய். நம்பினேன். வந்து இறங்கிய அன்றே மிருகங்களைப் பற்றிப் படித்தவர் என்று சொல்லப்பட்டவர் கடல் மயக்கத்தில் மணலில் குப்புற விழுந்தார், எழுந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார், அதே படகில் ஏறித் திரும்பிப் போய்விட்டார். நம் தீவில் அவர் கண்ட ஒரே உயிர் ஒரு நண்டு. மிச்சம் இருந்தவர்களுக்குத் தலைவி ஜாவாக்காரப் பேராசிரியை ரெத்னோ. நல்ல அம்மாள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் படிப்பு முழுக்க நத்தையில். எந்நேரமும் தரையைப் பார்த்துக் குனிந்தே நடப்பார். முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்த நம் ஜனம் அவர் தோட்டைத் தொலைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, பாடகர் குழு உட்பட எல்லோரும் கூடவே குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்கள். கிடைத்தது தோடல்ல, பாதிரியாரின் பழைய பல்செட்.

படக்காரர்களின் இயக்குநர் பெயர் எர்லாங்கா. இளைஞன், மரியாதை தெரிந்தவன், வணக்கம் சொல்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டான். ஆனால் இந்தத் தீவில் ஒன்றுகூட இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பது அவன் எண்ணம். ஊரின் டிஷ் ஆன்டெனாவைத் தென்னை ஓலை போட்டு மூடினான். பாதிரியார் கோயிலுக்குள் நுழைவது சரியில்லை என்று திரும்பத் திரும்ப நுழைய வைத்தான், கடைசியில் அவர் பின்வாசல் வழியாக வீட்டுக்கே போய்விட்டார். என்னை ஒரு பாறையில் உட்கார வைத்துக் கடலைப் பார்க்கச் சொன்னான். எதைப் பார்க்கணும் தம்பி என்று கேட்டேன். சும்மா, யோசிக்கிற மாதிரி இருந்தால் போதும் என்றான். அந்தப் பாறையில் சிவப்பெறும்பு. ஊர்த்தலைவன் என்ற பதவிக்காக அசையாமல் யோசித்தேன். இன்னும் தடவிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவையும் ஏன் பொறுத்தேன் என்றால் ரெத்னோ அம்மாள் சொன்ன ஒரு விஷயம். நம் ஊருக்குப் பின்னால் இருக்கும் காட்டை மரக் கம்பெனிக்குக் குத்தகை விடுவதா, அப்படியே விடுவதா என்று மேலிடத்தில் பேச்சு நடக்கிறதாம். இவர்கள் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் முடிவாம். நீ இதை எனக்கு எழுதவில்லை, அதை உன் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன். நாம் குடிக்கும் தண்ணீர் அந்தக் காட்டு ஓடையிலிருந்து வருகிறது. நத்தையும் பெரணியும் நிறையக் கிடைத்திருக்கிறது, ஆனால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முகம் உள்ள ஒரு பிராணி வேண்டும் என்று எர்லாங்கா சொன்னான். அதற்கு அந்த அம்மாள், "நத்தைக்கும் முகம் இருக்கு தம்பி. பார்க்கத்தான் ஆளில்ல" என்றார்.

முகம் உள்ள பிராணிக்காகக் காட்டில் மரத்துக்கு மரம் தானாகப் படம் பிடிக்கும் பெட்டிகளைக் கட்டினார்கள். அதில் விழுந்தவை நம் ஊர்ப் பன்றிகள், உன் பள்ளித் தோழன் யூலியுஸ் அடுத்தவன் தோப்பில் ஜாதிக்காய் பறிப்பது, அப்புறம் காலையில் வேலி தாண்டி ஒதுங்கப் போகும் நான், பல கோணங்களில். அதை எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். ரெத்னோ அம்மாள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதற்காக அவரை என்றும் மதிப்பேன்.

இங்கே உன்னிடம் மறைத்து வைத்திருந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உன் அக்கா ஒரு குஸ்கூஸ் வளர்க்கிறாள். பூனை அளவு, சாம்பல் உடம்பு, முதுகில் காப்பி நிறக் கோடு, கிளையைச் சுற்றிப் பிடிக்கும் வால். சில வருஷம் முன்பு புயலில் முறிந்த கிளையோடு குட்டியாக விழுந்து கிடந்ததை நம் காட்டிலிருந்து மடியில் போட்டு எடுத்து வந்தாள். அதற்கு அவள் வைத்த பெயர் பெர்னாத். கோபப்படாதே. நீ ஊரை விட்டுப் போன வருத்தத்தில் வைத்தது. அதே உருண்டைக் கண், சாப்பிட்ட இடத்திலேயே தூங்குவது, வேலை சொன்னால் மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொள்வது. பாசமாக எடுத்துக்கொள்.

பகலெல்லாம் அவன் அடுப்புக்கு மேலே பரணில், வெங்காயக் கூடைக்குப் பின்னால் உறங்குவான். விருந்தாளிகள் எல்லோருக்கும் சாப்பாடு நம் வீட்டில்தான். ஒரு மத்தியானம் உன் அக்கா சாகோ மாவில் பாப்பேடாக் களி கிண்டி மஞ்சள் மீன் குழம்போடு பரிமாறிக்கொண்டிருக்கும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக ரெத்னோ அம்மாள் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். பெர்னாத்தும் கீழே பார்த்தான். அந்த அம்மாளின் கரண்டி குழம்பில் விழுந்தது.

"தலைவரே, இது எங்கேருந்து வந்துச்சு?"

"நம்ம காட்டுலேருந்துதாம்மா. ஏன், கடிச்சுட்டானா?"

"இந்தத் தீவுல குஸ்கூஸ் இருக்குன்னு எந்தப் புத்தகத்துலயும் கிடையாது. இந்த நிறத்துல எந்தத் தீவுலயும் கிடையாது."

எங்கள் அப்பா காலத்தில் குழம்பில் கிடந்ததே என்று சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். எர்லாங்கா ஓடிப்போய்க் கேமராவைக் கொண்டுவந்து, உலகம் அறியாத ஒரு பிராணியை முதன்முதலில் பார்த்தபோது மனசு எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டான். கொஞ்சம் ஜாதிக்காய் தட்டிப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்றேன். கேமராவை நிறுத்திவிட்டான்.

ஆனால் அந்தச் சந்தோஷம் கை கழுவும் வரைகூட நிற்கவில்லை. வீட்டில் வளர்வது செல்லாது என்று ரெத்னோ அம்மாளே சொல்லிவிட்டார். படகுக்காரர்கள் தீவுக்குத் தீவு குஸ்கூஸைக் கொண்டுபோய் விற்பது உனக்கே தெரியும். இதுவும் அப்படி வந்ததுதான் என்று சொல்லிவிடுவார்கள், உன் அக்காவின் வாய்ச்சொல்லைச் சாட்சியாக எடுக்க மாட்டார்கள், காட்டில் ஒன்றையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். தேடினார்கள். கழுத்து சுளுக்கும் வரை தேடினார்கள். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் எர்லாங்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெர்னாத்தைக் கொண்டுபோய்க் காட்டு மரத்தில் வைத்துப் படம் எடுத்துவிடலாம் என்றான். "பொய்யே இல்லீங்க ஐயா. வந்த எடத்துக்குத் திரும்பப் போறான், அவ்வளவுதான்." மச்சான், நான் ஓடையை நினைத்தேன், மரக் கம்பெனியின் வண்டிகளை நினைத்தேன், சரி என்று சொல்லிவிட்டேன். காலையில் உன் அக்கா பாட்டு ஒத்திகைக்குப் போன சமயம், தூங்குகிறவனைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனோம். கிளையில் வைத்ததும் அழகாகத்தான் உட்கார்ந்தான், வெயில் முகத்தில் விழ, ராஜா மாதிரி. எர்லாங்கா மூச்சைப் பிடித்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து ஒலிக்காரன் நீளக் கம்பு நுனியில் மைக்கை நீட்டினான். காற்றுச் சத்தம் வராமலிருக்க அதற்குச் சாம்பல் நிற ரோம உறை ஒன்று போட்டிருப்பார்கள். பெர்னாத் அதைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து தன் நிறத்தில் வேறொரு உடம்பைப் பார்த்திராத ஜீவன், தாவி இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான். கம்பு வளைந்தது, ஒலிக்காரன் ஓடைக்குள் போனான், உறை கழன்று வந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெர்னாத் மரத்தில் ஏறினான். மேலே, இன்னும் மேலே, இலைக்குள் போய் மறைந்தே போனான்.

உன் அக்கா வந்தாள். பரணைப் பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலை.

"பெர்னாத் எங்க?"

"காலாற காட்டுப் பக்கம் போயிருக்கான் போல."

"பகல்ல அவன் தூங்குவான். யாரு தூக்கிட்டுப் போனது?"

ஒலிக்காரன் சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் நின்றான், அதனால் பதில் தேவைப்படவில்லை. ரெத்னோ அம்மாளுக்கும் தெரிந்துபோயிற்று. அவர் எர்லாங்காவிடம் கத்தவில்லை. எடுத்ததைத் தன் கண் முன்னாலேயே அழிக்கச் சொன்னார். அந்தப் படம் வெளியே போய், பொய் என்று தெரிந்தால் தான் எழுதிய ஒவ்வொரு நத்தையும் பொய்யாகிவிடும் என்றார். அவன் அழித்தான். பாவமாக இருந்தது. பிறகு அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "காடு நிலைக்கணும்னுதான் செஞ்சீங்க, புரியுது தலைவரே. ஆனா இனிமே நாம நெசத்தைச் சொன்னாலும் யாரு நம்புவா?" என்றார்.  நான் காலிக் கூடையை எடுத்துப் பரணில் வைத்துவிட்டு வந்தேன்.

உன் அக்கா அடுப்பை அணைத்துவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு அந்த மரத்தடிக்குப் போய்விட்டாள். மடியில் பப்பாளிப் பழத்தை வைத்துக்கொண்டு, "பெர்னாத், எறங்கி வாடா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று கூப்பிட்டபடியே இருந்தாள். ஊர் முழுக்கக் கேட்டது. நீதான் குடித்துவிட்டு வந்து மரத்தில் ஏறிக்கொண்டாய் என்று உன் சேக்காளிகள் ஏணியோடு வந்துவிட்டார்கள். வீட்டில் ஆராய்ச்சியாளர்கள் சோறு வடிக்கப் போய்ப் பானை தீய்ந்தது. எர்லாங்கா கேமரா இல்லாமல் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டான். அவள் அவனைப் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. மழை வந்தபோது குடையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். சில நாள் கழித்து விடியும் நேரத்தில் கூரையில் தடதடவென்று சத்தம். பெர்னாத் தானே வந்து பரணில் ஏறி, வெங்காயக் கூடையைத் தள்ளிவிட்டுத் தூங்கிப்போனான். ரோம உறை என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அன்றிலிருந்து அவனை அறைக்குள் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். ஆராய்ச்சியும் வேண்டாம், சினிமாவும் வேண்டாம், ஒருவரும் அவனை எட்டிப் பார்க்கக் கூடாது. என்னிடம் பேச வேண்டியதைப் பாதிரியார் மூலமாகப் பேசுகிறாள். உப்பு எங்கே என்று கேட்கக்கூட அந்த மனிதர் ஊரைத் தாண்டி நடந்து வருகிறார். நத்தையையும் பெரணியையும் மட்டும் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள், அது போதாது என்று அவர்களுக்கும் தெரியும். அரிசி தீரப் போகிறது. ஆகவே மச்சான், இவர்களை ஏற்றிப் போக உடனே கப்பல் அனுப்பு. இனிமேல் யாரையாவது அனுப்புவதாக இருந்தால் கல்லையோ மண்ணையோ ஆராய்பவர்களாகப் பார்த்து அனுப்பு. அவையாவது வைத்த இடத்தில் இருக்கும்.

உன் வீட்டுக் கூரை ஒழுகாமலும், உன் மேலதிகாரி கோபிக்காமலும், பிள்ளைகள் படிப்பில் உன்னைப் போல் ஆகாமலும் இருக்க ஆண்டவர் அருள் புரிவாராக. நம் ஊர் மூத்தோர் எல்லோருடைய ஆசியும் சொல்லச் சொன்னார்கள்.

உன் அத்தான்,
தொமிங்குஸ் துஹுமேனா

பின்குறிப்பு: காற்று பலமாக இருந்ததால் தபால் படகு கிளம்பவில்லை, உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். நேற்றுக் காலை உன் அக்கா அறைக் கதவைத் திறந்து, "என்னங்க, அந்த அம்மாவையும் கூட்டிட்டு இங்க வாங்க" என்றாள். என்னிடம்தான், நேரடியாக. பெர்னாத்தின் வயிற்றுத் தோல் அசைந்தது. உள்ளே குட்டி சுமக்கும் பை. பைக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு குட்டி. வெறும் பப்பாளித் தொப்பை என்று நாங்கள் இத்தனை நாள் நினைத்தது அதுதான். மச்சான், பெர்னாத் அவன் அல்ல, அவள். நத்தை அம்மாள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊரில் வேறு யாரும் குஸ்கூஸ் வளர்க்கவில்லையே, அப்படியானால் அப்பன் காட்டில்தான் இருக்கிறான் என்றார். பெர்னாத் தினமும் இருட்டியதும் கூரை இடுக்கு வழியாக வெளியே போய்விட்டு விடிய வரும், இது யாருக்கும் தெரியாதா என்று உன் அக்கா சாதாரணமாகக் கேட்டாள். இன்று விடியலில் வீட்டுக்குப் பின்னால் எல்லோரும் காத்திருந்தோம். பெர்னாத் வேலியோரப் பலா மரத்திலிருந்து இறங்கி வந்தாள். அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, காட்டு ஓரத்துக் கிளையில் இன்னொன்று, பெரியது, எங்களைப் பார்த்தபடி நின்றது. எர்லாங்கா உன் அக்காவிடம் அனுமதி கேட்டுத்தான் எடுத்தான். படம் கொஞ்சம் ஆடியிருக்கிறது, ஆனால் மரம், வேலி, பின்னால் நம் காடு எல்லாம் தெரிகிறது. ரெத்னோ அம்மாள் அழுதார். நான் அழவில்லை, கண்ணில் ஏதோ பூச்சி. இவர்களை ஏற்றிப் போகக் கப்பல் அனுப்பு என்று மேலே எழுதியதை மறந்துவிடு. அரிசியை மட்டும் ஏற்றி அனுப்பு. இவர்களை நான் இப்போதைக்கு விடுவதாக இல்லை.