மாமா வைத்திருந்த ஹோட்டல்

"முன்னாடி எங்கேயாவது வேலை பார்த்திருக்கியா?" என்று சாப்பாட்டுக் கடை முதலாளியம்மா கேட்டபோது இல்லை என்று சொல்லியிருந்தால், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இல்லை என்று சொன்ன மற்ற கடைகளில் அப்படித்தான் முடிந்திருந்தது. அதனால் இந்த முறை, "ஊர்ல ஒரு ஹோட்டல்ல இருந்தேங்க" என்றான்.

"நல்லதாப் போச்சு. அந்த முதலாளி நம்பரைக் குடு. ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு."

அவனுக்குத் தெரிந்தவர்களில், எந்நேரம் கூப்பிட்டாலும் போனை எடுக்கக்கூடியவர் தாய்மாமா ஒருவர்தான். அவர் நம்பரைக் கொடுத்துவிட்டான்.

வேலை அவனுக்கு உயிர்ப் பிரச்சினை. மேல்படிப்புக்குக் கடல் கடந்து வந்து, மாணவர்கள் நெருக்கியடித்துத் தங்கியிருந்த ஒரு வீட்டில் கடைசியாக ஒட்டிக்கொண்டவன். எல்லோரும் 'புதுசு' என்றே கூப்பிட்டார்கள். அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பகுதிநேர வேலை கிடைக்காதவன் எல்லோருக்கும் சமைக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், சோபாவில் படுக்க வேண்டும். சட்டத்தை இயற்றிய சீனியர் அதைக் கட்டிலில் படுத்தபடியே அமல்படுத்தினான். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. புதுசு புத்தகத்தைத் திறந்தால் அடுப்பில் ஏதாவது பொங்கியது.

கடையைவிட்டு இறங்கியதுமே மாமாவைக் கூப்பிட்டான்.

"மாமா, யாராவது கேட்டா நீங்க ஒரு ஹோட்டல் வச்சிருந்தீங்க."

"எப்போ?"

"போன வருஷம் வரைக்கும்."

"நல்லா ஓடிச்சா?"

"ஓடிச்சு மாமா."

"அப்புறம் எதுக்குடா மூடினேன்?"

"மூட வேண்டாம், இப்பவும் ஓடட்டும். நான் அங்க பாத்திரம் கழுவினேன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

மாமா ஓய்வு பெற்றவர். பேச்சுத் துணைக்கு அத்தை மட்டும்தான். அதிலும் அத்தை பேசி முடித்த பிறகு மிஞ்சிய நேரம்தான் அவருக்கு. கேட்டதும் குஷியாகிவிட்டார்.

மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"அசத்திட்டேன் மாப்ளே. பையன் பாத்திரம் எப்படித் துலக்குவான்னு கேட்டாங்க. சாப்பிட்ட தட்டைக்கூட அவன் எடுத்தது கிடையாது, அவங்க அம்மா அப்படிச் செல்லமா வளர்த்திருக்கான்னு சொன்னேன்."

புதுசு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, நான் சொல்லச் சொன்னது என்ன?"

"நம்ம வீட்டுப் பிள்ளையை எச்சில் பாத்திரம் கழுவுறவன்னு முகம் தெரியாத பொம்பளைகிட்ட எப்படிடா சொல்றது? நாக்கு வரல."

"திரும்பக் கூப்பிட்டு, வேற பையனை நினைச்சுச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. கொஞ்சம் ஏத்தியே சொல்லுங்க."

மாமா ஏற்றிச் சொன்னார். அடுத்த நாள் கடையில் முதலாளியம்மா அவனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"உங்க முதலாளி தங்கமான மனுஷன். அரைமணி நேரம் பேசினார். மூணு கிளையாமே? மூணையும் நீதான் மேய்ச்சியாமே? அப்படி இருந்தவனைக் கொண்டுபோய்க் கழுவுற தொட்டிகிட்ட நிறுத்த எனக்கு மனசு வரல தம்பி."

"எனக்கு வருதுங்க" என்றான். அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"மாமா, இறக்கிச் சொல்லுங்க" என்று கெஞ்சினான் அன்று சாயங்காலம்.

"எவ்வளவு?"

"தரைக்கு இறக்குங்க."

மாமா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை.

"கல்லாவுல வச்சேன், கூட்டத் தெரியல. பரிமாற விட்டேன், வந்தவர் மடியில கொட்டிட்டான். பாத்திரத்துக்கு மாத்தினேன், உடைச்சான்னு சொல்லிட்டேன். ஆனா உடைஞ்சதைச் சுத்தமாப் பெருக்கி அள்ளுவான்னு உன்னை விட்டுக்குடுக்காமச் சொல்லியிருக்கேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பாவம், அந்தம்மாவுக்கு முட்டி வலி. என்ன எண்ணெய் தேய்க்கணும்னு சொன்னேன். நல்ல மனுஷிடா."

"என் வேலை?"

"பேசிக்கிட்டிருக்கேன்ல. நீ படிப்பைப் பாரு."

அதற்குப் பிறகு மாமாவை எப்போது கூப்பிட்டாலும் அவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"எனக்கென்னப்பா தெரியும்? காலையில சட்டை மாட்டிக்கிட்டு மாடி ரூமுக்குள்ள போறார், கதவைச் சாத்திக்கறார். ஒரே இங்கிலீஷ். காப்பி கொண்டுபோனா கையைக் காட்டி விரட்டுறார்."

தனக்காக ஒரு மனிதர் இந்த வயதில் சட்டை மாட்டிக்கொண்டு போராடுகிறார். அவரையா மனசுக்குள் திட்டித் தீர்த்தோம்?

"உன் மாமா நாள் முழுக்கப் பேசுறார்னா வேலை உறுதிடா" என்றான் சீனியர் கட்டிலிலிருந்து. "போனைப் போட்டு எப்போ சேரணும்னு கேட்டுடு. அப்படியே ராத்திரிக்கு எல்லாருக்கும் சாப்பாடும் சொல்லிடு. இனிமே நீ சமைக்க மாட்டேல்ல?"

புதுசு கையைத் துடைத்துக்கொண்டு கடை நம்பரை அழுத்தினான். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"வெரி குட் ஈவ்னிங் சார்" என்றது பழக்கப்பட்ட குரல் ஒன்று. "ஆர்டரைச் சொல்லலாம் சார்."

புதுசு ஒரு கணம் போனைக் காதிலிருந்து எடுத்து நம்பரைச் சரிபார்த்தான். கடை நம்பர்தான்.

"மாமா?"

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு குரல் தணிந்து வந்தது:

"மாப்ளே, வேலை நேரத்துல சொந்தக்காரங்ககூடப் பேசக் கூடாதுன்னு முதலாளியம்மா கண்டிஷனாச் சொல்லியிருக்காங்க, சாப்பாடு வேணும்னா சொல்லு, எழுதிக்கறேன்."