சுள்ளி சாரின் சிவப்புக் குச்சிகள்

பூவுக்காகப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு, காய்க்காகப் பெருமைப்படுகிறவர்களும் உண்டு. வெறும் குச்சிக்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். புனே சாங்வியில் எங்கள் கீழ்வீட்டில் குடியிருந்தார். பெயர் சுள்ளி சார். பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும்.

கேம்ப் பகுதியில் மூன்று தலைமுறையாக வாழ்ந்த திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். ஒரு வெளிநாட்டுக் காலண்டரின் ஜனவரிப் பக்கத்தில், பனிக்கு நடுவே இலையே இல்லாமல் ரத்தச் சிவப்பாக நின்ற டாக்வுட் புதரைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கே பித்துப் பிடித்துவிட்டது. சிம்லாப் பக்கம் வேலை பார்த்த மைத்துனரைப் படாதபாடு படுத்தி ஒரு கன்று வரவழைத்து, கொல்லைப்புறத்தில் பாதியாக அறுத்த ட்ரம்மில் நட்டார்.

குளிர்காலத்தில் இலை உதிர்ந்து குச்சி சிவக்க வேண்டும். புனே குளிரை அந்தச் செடி மதிக்கவே இல்லை. டிசம்பர்தோறும் சார் மூங்கில் மோடா போட்டு உட்கார்ந்து இலைகளை ஒவ்வொன்றாகப் பறித்தார். மீன்காரரிடம் மீன் வாங்காமல் ஐஸ் மட்டும் வாங்கி வந்து வேரில் குவித்தார். தெருப் பூனைகள் முகர்ந்து பார்த்து ஏமாந்து போயின. ஒரு குச்சியைக்கூட யாரையும் தொடவிடமாட்டார். மூன்று வருடமாகியும் குச்சி மண் நிறம்தான். வாட்ச்மேன் தினமும் வந்து, "சாஹேப், ஹே வாளலய்," காய்ந்துவிட்டது என்று மராத்தியில் துக்கம் விசாரிப்பார். "ஸோ ரஹா ஹை," தூங்குகிறது என்பார் சார். நான் வந்த ஜனவரியில் லேசாகச் சிவப்பு தட்டுவதாக அவர் கண்ணுக்கு மட்டும் தெரிய, மாதக் கடைசியில் நடக்கும் மலர்க் கண்காட்சிக்குப் பெயரும் கொடுத்துவிட்டார்.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. கார்த்திகையில் கல்யாணமாகி, கோயம்புத்தூரிலிருந்து நான் வந்து அப்போது பத்து நாள்தான் ஆகியிருந்தது. தலைப்பொங்கலைக் கொல்லைப்புறத்தில் செங்கல் வைத்துப் பொங்க வேண்டுமென்று எனக்குப் பிடிவாதம். விறகுக்கு எங்கே போவது? ட்ரம்மில் ஒரு செத்த புதர் நின்றது. வாட்ச்மேனிடம் சைகையில் கேட்டதும் சந்தோஷமாகத் தன் அரிவாளையே கொடுத்தார். அடியோடு வெட்டினேன்.

எரியவில்லை. புகைதான் வந்தது. ஊதி ஊதிக் கண் சிவந்தபோது, ஷிப்ட் முடிந்து வந்த சார் பின்னால் நின்றார். அடுப்பைப் பார்த்தார், ட்ரம்மைப் பார்த்தார்.

"எம்மா, அதுல தீ பிடிக்காது. உசுரோட இருக்குல்லா."

அது சார் வளர்க்கும் செடி என்று வாட்ச்மேன் சைகையில் காட்டியதும் பதறி எழுந்தேன். "காஞ்சு போச்சுன்னு நெனச்சுப்போட்டனுங்க சார்."

அவர் உள்ளே போனார். மோடாவோடு வந்து, அதை உடைத்து அடுப்பில் வைத்தார்.

"இனி இதுல ஒக்காந்து என்னத்தப் பறிக்கப்போறேன்? நல்ல நாளும் அதுவுமா பானை பொங்காம இருக்கக் கூடாதும்மா."

பானை பொங்கியது.

மார்ச்சில் ஒரு காலை கதவை இடித்தார். "எம்மா, வந்து பாரு." வெட்டிய கட்டைகளைச் சுற்றிலும் துளிர். டிசம்பரில் இலைகளைப் பறித்தபோது அத்தனை குச்சியும் குங்குமச் சிவப்பு. நிறமெல்லாம் புதுக்குச்சிக்குத்தானாம், வருடா வருடம் அடியோடு வெட்ட வேண்டிய செடியை மூன்று வருடம் பொத்திப் பொத்தி வளர்த்ததுதான் கோளாறு.

அடுத்த கண்காட்சிக்கு ட்ரம் டெம்போவில் போனது. பூ எங்கே என்று நடுவர் கேட்டார். "அது எல்லா மேஜையிலும் இருக்கு," என்று இந்தியில் சொல்லிவிட்டு சார் ராணுவ அணிவகுப்பில் நிற்பதுபோல் நின்றார். குச்சிக்குப் பரிசுப் பிரிவே கிடையாது. ஆனால் கூட்டம் எங்கள் மேஜையைச் சுற்றித்தான்.

என் கண் ட்ரம்மில் தொங்கிய அட்டைக்குப் போனது. வளர்த்தவர் என்று தன் பெயரை எழுதி, அதன் கீழே அதே அளவு எழுத்தில், வெட்டியவர் என்று என் பெயரையும் எழுதியிருந்தார்.