செயின் கைடை நீயே எடுத்து வருவதுதான் உசிதம்

மயிலாப்பூர்,
23-11-98

சிரஞ்சீவி மாளவிகாவுக்கு அப்பா பத்ரிநாராயணன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. கபாலி கிருபையில் இங்கே நானும் உன் அம்மாவும் க்ஷேமம். உன் சைக்கிள்தான் க்ஷேமமாக இல்லை. நேற்று நீ போன் செய்தபோது விஷயத்தின் நடுவில் லைன் அறுந்துவிட்டது. மறுபடி அடிக்குமோ என்று ரொம்ப நேரம் போன் பக்கத்திலேயே நின்றிருந்தேன். சரி, உனக்கு அங்கே தூங்குகிற நேரம். ஆகவே மீதியை எழுதுகிறேன்.

மாடி வீட்டு சாய்நாத் தன் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து உன் இ-மெயிலை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தான். செயின் கழலாமல் பிடிக்கிற அந்தச் செயின் கைடு, மூன்று தினுசுக்கும் படம் பார்த்தேன். முதலாவது பிளாஸ்டிக், பார்க்க லட்சணமாக இருக்கிறது, ஆனால் முதுகெலும்பில்லை. இரண்டாவது அலுமினியம், நல்ல குலம், உடம்பு போதாது. மூன்றாவது எஃகு, அடியில் ஒரு உருளை வேறு. கனம் அதிகம், ஆனாலும் குடும்பத்துக்கு ஆகும். இப்படி நான் சொல்லிக்கொண்டே போனபோது அம்மா, "என்னன்னா, வரன் பாக்கறேளா?" என்றாள். அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எடுக்கவில்லை. எஃகையே முடிவு செய்யலாம்.

நீ போனில், "அப்பா, அவ்வளவு அக்ரெசிவாவா ஓட்டறேள்?" என்று கேட்டாய். அபாண்டம். ஆவேசமாக இருப்பது நானில்லை, ரோடு. தண்ணீருக்கு ஒருத்தர் தோண்டி மூடினால் டெலிபோனுக்கு ஒருத்தர் தோண்டுகிறார், அவர் மூடுவதற்குள் கரண்டுக்கு இன்னொருத்தர் கடப்பாரையோடு நிற்கிறார். உன் சைக்கிளை ஓட்டாமல் வைத்தால் டயர் வெடித்துப் போகும் என்றுதான் நான் தொட்டதே. மூன்று மாசம் முன்னால் மந்தைவெளியில் பின்னாலே 29C பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், முன்னாலே பள்ளம், வலது பக்கம் எருமை, நான் வேறு வழியில்லாமல் பிளாட்பாரத்தில் ஏறிவிட்டேன். அந்தப் பிளாட்பாரம் மூன்று படியாக இறங்கி முடிகிறது என்பது ஏறின பிறகுதான் தெரிந்தது. இறங்கினேன். வேட்டியும் நானும் பத்திரம், செயின் மட்டும் கழன்று ரோட்டில் இழுபட்டது. பூக்காரம்மா, "இன்னா பெருசு, பந்தயமா?" என்று கேட்டாள். எலியட்ஸ் பீச் படியில் நீ இதே சைக்கிளோடு குதித்தபோது எத்தனை கத்தினேன்! குதித்துப் பார்த்தால் அந்த ஒரு நொடி வயிறு மேலே போகிறதே, நன்றாகத்தான் இருக்கிறதடி.

சைக்கிளை எடுத்துக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டை ஷரீஃபின் சைக்கிள் ரிப்பேர் கடைக்குப் போனேன். "கவர் தானே சார், போட்டுக்கினா போச்சு" என்றார். கவர் வேறு, கைடு வேறு என்று விளக்கினேன். கவர், வேட்டியைச் செயினிடமிருந்து காப்பது. கைடு, செயினைச் சென்னையிடமிருந்து காப்பது. முன் பல்சக்கரத்தை விட்டு எம்பாமல் செயினைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். புரிந்ததும் மனுஷர் உற்சாகமாகிவிட்டார். முதலில் சோபாக் கால் உருளையை வைத்து ஒன்று செய்தார். அது மாவு மெஷின் மாதிரி சத்தம் போட்டதில் கச்சேரி ரோடே திரும்பிப் பார்த்தது. அலுமினியம் நல்லது என்று நீ எழுதியிருந்தாயே என்று நம் வீட்டுப் பழைய இட்லித் தட்டு ஒன்றை எடுத்துப் போய்ப் பாதியாக வெட்டச் சொன்னேன். பார்க்க அம்சமாக இருந்தது. லஸ் பள்ளத்தில் ஒரே குதி, அப்பளமாக நெளிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அம்மா இட்லிக்கு அடுப்பேற்றும்போதுதான் ஒரு தட்டு குறைவது தெரிந்தது. அன்றைக்கு எனக்கு உப்புமா. அதிலும் உப்பில்லை.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. சாமான் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தால் போதாதா, உன் அம்மா பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லுக்கும் வைத்திருக்கிறாள், குழந்தைக்குப் பொட்டு இடுவது போல. சந்தனம் காய்ந்து இறுகி, மறுநாள் மிதித்தால் செயின் பல்லிலேயே உட்காரவில்லை. ஹாண்டில்பாரில் கட்டின சாமந்தி மாலை வேறு அவிழ்ந்து கியருக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. "உங்க சைக்கிளுக்கில்லை, எம் பொண்ணு சைக்கிளுக்கு வெச்சேன்" என்றாள். நான் பல் பல்லாகச் சுரண்டினேன்.

ஆனால் பெரிய கூத்து தி. நகரில் நடந்தது. பனகல் பார்க் பக்கம் செயின் கழன்று, தள்ளிக்கொண்டு வருகிறேன், எதிரே ஜானவாசம். ஒதுங்க இடமில்லை. நாதஸ்வரத்துக்கும் மாப்பிள்ளை காருக்கும் நடுவில் சைக்கிளோடு மாட்டிக்கொண்டேன். வேட்டியைப் பார்த்து ஏதோ ஒரு பெரியப்பா என்று நினைத்து, "மாமா, வண்டியை ஓரமா வெச்சுட்டு டிபன் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று மண்டபத்துக்குள் தள்ளிவிட்டார்கள். சேவையும் அசோகா அல்வாவும் நன்றாக இருந்தன, பொய் சொல்வானேன். பந்தியில் பெண்ணைப் பெற்றவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் யாரென்று கேட்கக்கூட இல்லை.

"பையன் நியூ ஜெர்சி. பத்து நாள்ல அழைச்சுண்டு போயிடறான்" என்றார்.

"எனக்கும் ஒரே பொண்ணு. கலிஃபோர்னியா" என்றேன்.

"போனா எப்போ ஸார் திரும்பி வருவா?"

கல்யாணத்துக்கு முதல் நாள் ஒருத்தரிடம் என்ன சொல்வது? "வருஷா வருஷம் மார்கழிக்கு வந்துடுவா" என்று சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கிரீஸ் ஸார், கிரீஸ் என்றேன். விடவில்லை. இலையில் சேவை ஆறிப்போயிற்று.

நீ போன மார்கழிக்கும் வரவில்லை, அதற்கு முந்தின மார்கழிக்கும் வரவில்லை. நான் குறையாகச் சொல்லவில்லை, லீவு கிடைத்தால்தானே. தீபாவளிக்கப்புறம் ஷரீஃப் பழைய கடை ஷட்டர் தகட்டில் ஒரு கைடு அடித்துப் போட்டு, "லாரி ஏறினாலும் ஒண்ணும் ஆவாது சார், உன் பேரன் ஓட்டுற வரைக்கும் நிக்கும்" என்றார். பேரன் கிடக்கட்டும், முதலில் பெண் வரட்டும் என்றேன். அந்த ஷட்டர் தகடும் பிரயோஜனமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் செயின் கழன்றுவிடுகிறது. ஏன் ஞாயிறு என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

ஆகவே எஃகு கைடே வாங்கு. ஆனால் தபாலில் அனுப்பாதே. தபாலில் வருவது தபாலாகத்தான் வரும். இதைச் சைக்கிளில் வைத்து, அளவு பார்த்து, வாங்கினவர் கையாலேயே பொருத்த வேண்டும். டிசம்பரில் என்றால் வெயிலும் இருக்காது, காலையில் நீ முன்னால் ஓட்டு, நான் ஒரு வாடகை சைக்கிளில் பின்னால் வருகிறேன், பெசன்ட் நகர் வரை போகலாம். நீ கிளம்புவதற்கு முன் நடந்த மாதிரி யாரும் உன்னைப் பார்க்க வரமாட்டார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி எதுவும் கிடையாது. உன் ஜாதகத்தை பீரோவில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. இந்த வீட்டில் இப்போது சைக்கிள் சத்தம்கூட இல்லாவிட்டால் என்னால் இருக்க முடியாதம்மா. வந்துவிட்டுப் போ.

வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, ராத்திரி கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, சகல சௌபாக்கியத்துடன் இருக்க கபாலியையும் கற்பகாம்பாளையும் வேண்டும்,

அப்பா

பி.கு: இது அம்மா. தபால்ல போடச் சொல்லி எங்கிட்ட கொடுத்துட்டு மாத்திரை போட்டுக்கப் போயிருக்கார், அதுக்குள்ள எழுதறேன். ஷரீஃப் அடிச்ச ஷட்டர் தகடு கல்லாட்டம் நிக்கறது. தீபாவளியிலேர்ந்து செயின் ஒரு தரம்கூட தானா கழலலை. ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ற நேரமாச்சுன்னா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துண்டு வாசலுக்குப் போறார். கைடைக் கழட்டி, செயினைத் தள்ளிவிட்டு, கை நிறைய கிரீஸைப் பூசிண்டு வந்து போன் பக்கத்துல நிக்கறார். முன்னெல்லாம் "நன்னா இருக்கியா, இந்தா அம்மாட்ட பேசு"ன்னு குடுத்துடுவாரே, உனக்குத்தான் தெரியுமே. இப்போ எனக்குப் போனே கிடைக்கறதில்லை. நீ வாங்கிண்டு வா, வாங்காமலும் வா. அதுவரைக்கும் அடுத்த ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா, மொதல்ல, "செயின் கழண்டுதாப்பா?"ன்னு கேளு.