புல் முளைக்காத சூப்பர் பூமி

பெருமதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

ரொட்டிக்கடைக்காரனாகிய உங்கள் தங்கை கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கையும் உடம்பளவில் சௌக்கியம். அங்கு தங்கள் முட்டிவலி குறைந்து, துணைவியார் திட்டாமலே தாங்கள் நடைப்பயிற்சிக்குப் போய்வருவீர்கள் என நம்புகிறேன். நிற்க. உங்கள் மருமகள், அதாவது என் மகள் விஷயமாக ஒரு அவசரம்.

அவள் பல்கலைக்கழகத்தில் நட்சத்திர வெளிச்சத்தை ஆராய்ந்து வருவது தாங்கள் அறிந்ததே. போன மாதம் அவளும் அவள் கூட்டாளிகளும் சேர்ந்து, எங்கோ தூரத்து நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 'புதிய சூப்பர் பூமி' என்று பேப்பரில் போட்டுவிட்டான். சூப்பர் என்றால் நான் என்ன நினைப்பேன்? நம்முடையதைவிட நல்ல பூமி, காற்றோட்டமான பூமி, டிராஃபிக் இல்லாத பூமி என்றுதானே? கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பன் வாங்க வந்தவர்கள் பன்னை மறந்துவிட்டு நின்று கேட்டார்கள். விஷயம் குடியிருப்போர் சங்கத் தலைவர் காதுக்குப் போய், உடனே பாராட்டுக் கூட்டம். கூட்டத்துக்கு நானே ஒரு பெரிய கேக் செய்தேன், மச்சான். நீலத்தில் கடல், பச்சையில் காடு, கடலோரமாக ரெண்டு வீடு. அதில் ஒன்று மாடி வீடு.

தலைவர், "நம்ம பேரப்பிள்ளைகளுக்கு இடம் தேடிக் கொடுத்த பொண்ணு"ன்னு பேசி உட்கார்ந்தார். இவள் எழுந்தாள். கேக்கைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"சூப்பர்னா பெருசுன்னு மட்டும்தான் அர்த்தம். நம்ம பூமியைவிடப் பெரிய கோளம், அவ்வளவுதான். நட்சத்திரத்தை ஒட்டிக்கிட்டே சுத்துது. நமக்கு ஒரு நாள் முடியறதுக்குள்ள அங்க ஒரு வருஷமே முடிஞ்சிடும். பாறையே உருகற சூடு. அங்க கடல்னு ஒண்ணு இருந்தா, அது நெருப்புக் குழம்பாத்தான் இருக்கும்" என்றாள்.

பின்வரிசையிலிருந்து இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், "தண்ணி?" என்றார்.

"இல்லைங்க."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட இல்லைங்க."

ஏதோ இவள் குழாயை மூடிவிட்ட மாதிரி எல்லோரும் இவளையே முறைத்தார்கள். பல் டாக்டர் மட்டும், அப்படியானால் அங்கே தினமும் பிறந்தநாள் வருமா என்று கேட்டார். அவர் நல்ல மனுஷன். தலைவரோ கொடுக்க வேண்டிய கேடயத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கப் போய், பக்கத்திலிருந்தவர் இடித்த பிறகுதான் கொடுத்தார். கேக்கை மட்டும் ஒரு துண்டு விடாமல் தின்றுவிட்டுத்தான் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தாங்கலை. "ஏம்மா, ஒரு டம்ளர் தண்ணி இருக்கலாம்னு சொன்னாத்தான் என்னவாம்? யாரு போய்ப் பார்க்கப் போறா?"ன்னு கேட்டுட்டேன். அவ செருப்பைக் கழட்டிக்கிட்டே, "நான்தான் பார்த்தேனேப்பா"ன்னா. அதோட பேச்சு நின்னுபோச்சு. சாப்பாட்டு மேஜையில எதிர்ல உட்கார்ந்துக்கிட்டே, "அப்பாவுக்கு உப்பு வேணுமான்னு கேளும்மா"ன்னு அவ சொல்ல, "போதும்னு சொல்லு"ன்னு நான் சொல்ல, உங்க தங்கச்சி ரெண்டு நாள் பொறுத்துட்டு, "நான் என்ன டெலிபோனா?"ன்னு தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டா.

சரி, நாமளே இறங்கிப் போவோம்னு அவ ஆபீசுக்குப் போனேன். உங்க நண்பர் வானிலை ஆபீஸ்ல இருக்காரே, அங்க ஒரு வேலை பார்த்துக்கோ, மழை வருமா வராதான்னு சொன்னா நாலு பேருக்குப் பிரயோஜனம்னு சொல்லத்தான் போனேன். பெரிய டெலஸ்கோப்பா இருக்கும்னு பார்த்தா, ஜன்னல்கூட இல்லாத ஒரு ரூம். ஒரு கம்ப்யூட்டர், காய்ஞ்ச காபி கப், நாற்காலி முதுகுல அவளோட ஸ்வெட்டர். திரையில ஒரு கோடு நேரா போய்க்கிட்டே இருக்கு, ஒரு இடத்துல துளி கீழே இறங்கி ஏறுது. "கிரகம் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போறப்ப வெளிச்சம் அவ்வளவு குறையும்"னா.

"இதுதானா?"

"இதுதான்ப்பா."

அந்தக் கிரகத்துல ஒரு பக்கம் எப்பவும் நட்சத்திரத்தைப் பார்த்தே இருக்குமாம். மறுபக்கம் விடியவே விடியாதாம். எனக்குச் சட்டுனு அடுப்புல தட்டைத் திருப்ப மறந்துட்ட ரொட்டி ஞாபகம் வந்து, "யாருமே திருப்பிப் போடலையா"ன்னுட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சா, மச்சான்.

அந்தச் சிரிப்புல தைரியம் வந்து கேட்டேன்: "ஒரு புல்லுகூட முளைக்காத இடம். அதுக்குப் போய் நீ எதுக்கும்மா உன் வயசைக் குடுக்கறே?"

அவ விரலால அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினா. "நமக்கு உபயோகமா இருந்தாத்தான் ஒண்ணு இருக்கலாமாப்பா? இத்தனை காலமா அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டு இருந்திருக்கு. அது இருக்குன்னு யாருக்குமே தெரியாது. இப்ப தெரியும்."

வானிலை ஆபீஸ் பேச்சை எடுக்காமலே கிளம்பிட்டேன். பஸ்ல திரும்பி வர்றப்ப ஜன்னல் வழியா ஒவ்வொரு வீடா பார்த்துக்கிட்டே வந்தேன். முன்பின் தெரியாத வீடு, தெரியாத துணி காயுது. இதுவும் என்கிட்ட கேட்டுக்கிட்டா இருக்குன்னு தோணிச்சு.

ஆனாலும் பெத்த மனசு கேட்கலை. ஆளில்லாத இடத்தைப் பார்த்துப் பார்த்து என் பொண்ணும் ஆளில்லாமப் போயிடுவாளோன்னு பயமா இருக்கு. நான் சொன்னா எடுபடாது. தாய்மாமன் சொன்னால் கேட்பாள். ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, அவளுக்கு நல்ல புத்தி சொல்லி, வானிலை ஆபீசில் சேர்த்துவிடும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி, தங்கள் முட்டிக்கு என் பிரார்த்தனை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்

பின்குறிப்பு: வர வேண்டாம். இதை மடிக்கும்போது அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மலை மேலிருக்கிற பெரிய டெலஸ்கோப்பில் வேலை பார்க்க அவளைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். வெகுதூரம். மூணு வருஷம். "போகட்டுமாப்பா?"ன்னு கேட்டா. உங்களை வரச்சொல்லி எழுதின இதே கையால அவ தலையைத் தடவி, "போயிட்டு வா"ன்னு சொல்லிட்டேன். எப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியலை. உங்க தங்கச்சி உள்ளே பெட்டியை இறக்கித் துடைச்சுக்கிட்டு இருக்கா. முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு ரயிலேறியிருந்தால், அடுத்த ஸ்டேஷனில் தயவுசெய்து இறங்கிவிடவும். அல்லது, வந்தது வந்தீர்கள், வழியனுப்ப வந்துவிடுங்கள். ஸ்டேஷனில் நான் தனியாக நின்றால் சரியாக இருக்காது.