கனகாம்பிகை கேட்ட மன்னிப்பு

லெனாட்டோடு நான் முதலில் கதைக்கிறதில்லை என்று செவ்வாய்க்கிழமை காலை பல் தீட்டும்போது சபதம் எடுத்தேன். வாய் நிறைய நுரை. ஆகவே சபதம் சத்தமாக வரவில்லை. ஆனால் உறுதியாக வந்தது.

பழைய தண்ணீர்ப் பம்பு வாங்கி விற்கிறவன் நான். பலரிடம் ஏமாந்து, அதைவிடப் பலரிடம் ஏச்சு வாங்கித் தொழில் படித்தவன். அதில் நான் கண்டது ஒன்றுதான். விலையை முதலில் சொல்கிறவன் கீழே போவான். வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறவன் வெல்லுவான். நான் வானத்தைப் பார்க்கிறதில் கெட்டிக்காரன்.

லெனாட் என்னோடு தெல்லிப்பழையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அவன் எனக்குக் கணக்குக் காட்டுவான். நான் அவனுக்காக அடி வாங்குவேன். இருபது வருசத்துக்கு முதல் கனடா போனான். போன பிறகும் நாள்தோறும் போனில் என்னோடுதான். இப்போது இரண்டு கிழமை லீவில் வந்து நல்லூரில் தங்கச்சி ரேச்சல் வீட்டில் நிற்கிறான். சனிக்கிழமை திரும்பப் போகிறான். எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை.

காரணம் தேர்தல்.

வகுப்புப் பெடியள் எல்லாருமாக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். பெடியள் என்றால் ஐம்பத்தெட்டு வயது. தேர்தலில் நான் ஒருவர் பக்கம், லெனாட் இன்னொருவர் பக்கம். ‘ஸ்காபரோ குளிருக்குள்ளை இருக்கிற உனக்கு ஏன் எங்கடை வாக்கு?’ என்று நான் எழுதினேன். ‘வாக்குப் போடப் போகாமல் கடையிலை குந்தியிருந்த உனக்கு ஏன் வாய்?’ என்று அவன் எழுதினான். வாக்குப் போடுகிற நாளன்று மழை. உண்மையாகவே மழை. எனக்குக் கோபம் வந்தால் விரல் நடுங்கும். நடுங்கின விரல் ‘வெளியேறு’ என்பதில் போய் விழுந்தது. ‘கதிரவேலு வெளியேறினார்.’ யாராவது கையைப் பிடித்துத் திரும்ப இழுப்பார்கள் என்று ஒரு மணித்தியாலம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். லண்டனில் இருக்கிற றோய் ஒரு பெருவிரல் படம் போட்டானாம். அவ்வளவுதான் பிரியாவிடை.

பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். நான் தாங்கினவரும் அவன் தாங்கினவரும் மூன்றாம் மாதமே ஒரே மேடையில் ஏறி ஒருவருக்கொருவர் மாலை போட்டார்கள். கட்சிகள் கட்டிப்பிடித்துவிட்டன. நானும் லெனாட்டும்தான் இன்னும் கொள்கையோடு நிற்கிறோம்.

எட்டு மாதம். முகநூலில் எனக்கு ஆயிரத்துச் சொச்சம் நண்பர்கள். கறள் பிடித்த பம்பைப் படம் பிடித்துப் போட்டாலும் இதயம் போடுகிறார்கள். ஆனால் ‘டேய் விசரா, உது பிழையடா’ என்று சொல்ல ஒரு மனிசன் இல்லை. நான் சொல்வதெல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருக்கிறது. அது பெரிய கரைச்சல். சந்தியில் ஒரு பகிடி நடந்தால் கை தானாகப் போனை எடுக்கும். பாதி எழுதுவேன், அழிப்பேன். சிலவேளை அவன் பெயருக்குக் கீழே ‘எழுதுகிறார்’ என்று வரும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். பிறகு அதுவும் அழிந்துபோகும்.

சபதம் எடுத்து வாய் கொப்பளிக்கவில்லை, என் மனைவி மகாதேவி தொடங்கிவிட்டாள்.

“இஞ்சாருங்கோ, லெனாட் அண்ணை சனிக்கிழமை போகப்போறார்.”

“போகட்டும். பிளேன் ஏறத் தெரியாத ஆளே?”

“நல்லூர் என்ன நயினாதீவே? மோட்டச்சைக்கிளிலை அரை மணித்தியாலம்.”

“அங்கையிருந்து இஞ்சை வாறதுக்கும் அதே அரை மணித்தியாலம்தான்.”

“உங்களுக்கு விசர்.”

“எனக்குக் கொள்கை.”

“ரெண்டுக்கும் டொக்டர் தாறது ஒரே குளிசைதான்.”

என் முன்னாலேயே ரேச்சலுக்குப் போன் எடுத்தாள். “உவர் சாப்பிட்டிட்டாரோ?” என்று கேட்டாள்.

உவர்! எங்கள் பேச்சில் இவர் என்றால் எனக்குப் பக்கத்தில். அவர் என்றால் எங்கேயோ. உவர் என்றால் கேட்கிற ஆளுக்குப் பக்கத்தில். அப்படியென்றால் இந்த நிமிசம் லெனாட் ரேச்சலுக்குப் பக்கத்தில், அந்தப் போனின் மற்றப் பக்கத்தில் இருக்கிறான். என் ஆயுளில் பாதிக்கு மேல் எனக்கு ‘இவன்’ ஆக இருந்தவன். நான் சம்பலைப் பார்த்துக்கொண்டு பாணைத் தின்றேன்.

மகாதேவி போனை வைத்துவிட்டுத் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்: “லெனாட் அண்ணை பின்னேரத்திலை போனிலை முந்நூற்றிநாலு ஆடுறாராம்.”

முந்நூற்றிநாலு எங்கள் ஊர்ச் சீட்டாட்டம். நாலு பேர். எதிரெதிரே இருக்கிற இரண்டு பேர் ஒரு சோடி. கூடப் புள்ளி கேட்கிறவன் துரும்பை, மற்றச் சீட்டையெல்லாம் வெட்டுகிற இனத்தை, தெரிந்து ஒளித்து வைப்பான். எனக்குள் திட்டம் ஒன்று பம்பு மாதிரி இரைந்து கிளம்பியது.

கடைக்குப் போனதும் அந்த விளையாட்டைப் போனில் இறக்கினேன். பெயர் கேட்டது. ஆம்பிளைப் பெயர் வைத்தால் கண்டுபிடித்துவிடுவான். ‘கனகாம்பிகை’ என்று வைத்து, ஒரு செவ்வரத்தம்பூப் படத்தையும் ஒட்டினேன். மீசையைத் தடவினேன். குத்தியது. உறுதிப்படுத்தப் போன் இலக்கம் கேட்டது. என் இலக்கத்தைக் கொடுக்க நான் என்ன மடையனா? மகாதேவியின் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

“ஆறு இலக்கம் ஒண்டு வந்திருக்கும், வாசியும்.”

“என்னத்துக்கு?”

“கரண்ட் பில்லுக்கு.”

மறுபேச்சில்லாமல் வாசித்தாள். எங்கள் வீட்டில் மறுபேச்சில்லை என்றால் நான் பயப்பட்டிருக்க வேண்டும்.

தேடினேன். ‘லெனாட் ஸ்காபரோ’ என்று ஒரு கணக்கு. மேப்பிள் இலைப் படம். அழைப்பு அனுப்பினேன். வந்தான். எனக்கு எதிரே அமர்ந்தான்.

என்ன ஆட்டம்! நான் எதைக் கேட்பேன், எதை ஒளிப்பேன், எப்போது அவசரப்படுவேன், எல்லாம் தெரிந்து ஆடினான். ஊர் பேர் தெரியாத எதிராளிகள் இரண்டு பேர் வந்து தோற்றுத் தோற்றுப் போனார்கள். எட்டு மாதத்தில் முதல் தடவை கடைக்குள் தனியே இருந்து சிரித்தேன். ஆட்டத்துக்குப் பக்கத்தில் எழுதிக் கதைக்க ஒரு கட்டம் இருந்தது. அதில் மெல்லக் கயிறு விட்டேன்.

“உங்கடை சிநேகிதர் ஒருத்தர் தெல்லிப்பழையிலை பம்புக்கடை வைச்சிருக்கிறாராம்?”

“அந்த முன்கோபியோ?”

“நல்ல மனுசன் எண்டு ஊரிலை கதைக்கினம்.”

“எந்த ஊரிலை?”

பல்லைக் கடித்தேன். கனகாம்பிகை பல்லைக் கடிக்கக் கூடாது. ஒரு சிரிப்புப் படம் போட்டேன்.

புதன்கிழமை பேரம் தொடங்கியது.

“அவன் மன்னிப்புக் கேட்டால் வெள்ளிக்கிழமையே வருவன்.”

“மன்னிப்பு கூடிப்போச்சு. மனவருத்தம் எண்டால்?”

“காணாது, இன்னும் வேணும்.”

“கொஞ்சம் பிழைதான் எண்டால்?”

“அந்தக் ‘கொஞ்சம்’ஐ எடுக்கச் சொல்லுங்கோ.”

“எடுத்தால் வாக்குப் போடாத கதையை நீங்கள் எடுக்கப்படாது!”

“பொறுங்கோ, பால் பொங்குது.”

கனடா போன ஆம்பிளையள் பாலும் காய்ச்சுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பாவம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை என் கை தளர்ந்தது. இன்னும் ஒரு நாள் போனால் பிளேன் போய்விடும். எழுதினேன்: “அந்த மனுசன் வாய் திறந்து சொல்லமாட்டார். பிழை அவரிலைதான். எட்டு மாதமாய் அவருக்கு ஒண்டும் ருசிக்கேல்லை. உங்களை ஒருக்காப் பார்த்தால் காணும் எண்டு இருக்கிறார்.”

நான் இரண்டு பம்பைத் துடைத்து முடித்தேன். பிறகு வந்தது: “நாளைக்கு நாலு மணிக்கு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எழுதினது கனகாம்பிகை. நான் வாய் திறக்கவில்லை. சபதம் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு லெனாட் கேற்றடியில் நின்றான். பின்னால் ரேச்சல். அவன் தலை முழுக்க வெள்ளை. இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தோம். கடைசியில் பெரிய மனதோடு நான் இறங்கினேன்.

“சரி மச்சான். நீ இறங்கி வந்தபடியால் நானும் விடுறன்.”

“நானோ இறங்கினது? நீதானே அழுதழுது எழுதினனி?”

“நானோ? அது கனகாம்பிகை!”

“ஆரடா கனகாம்பிகை?”

“மூண்டு நாளாய் நீ அவவோடைதானே போனிலை சீட்டாடினனி!”

“டேய் விசரா, போனிலை எனக்குத் தெரிஞ்சது பேரனோடை பலூன் உடைக்கிறது மட்டுந்தான். நீ எழுதினதெண்டு மகாதேவி அனுப்பினதைத் தங்கச்சி வாசிச்சுக் காட்டினவ. கேட்டு எனக்கும் ஒரு மாதிரிப் போச்சு. வந்தன்.”

விசரா என்றான். கேற்றைத் திறந்தேன். திறந்த கையோடு இரண்டு பேரும் மகாதேவியைத் திரும்பிப் பார்த்தோம்.

“என்ன பார்க்கிறீங்கள்? விக்கிறவனுக்கு ஒரு கதை, வாங்கிறவனுக்கு ஒரு கதை. உங்களட்டைப் பழகினதுதான்.”

“அப்ப அந்த லெனாட் ஸ்காபரோ?”

“நான்தான்.”

“என்னை ஏமாத்தினீரோ?”

“ஓம். எட்டு மாதமாய் அந்த ரெண்டு கட்சியையும் வைச்சு என்னோடைதானே சண்டை பிடிக்கிறீங்கள்? எனக்கு ஏலாது. உரிய ஆளிட்டை ஒப்படைச்சிருக்கிறன்.”

“சீட்டு உமக்கு ஆர் பழக்கினது?”

“லெனாட் அண்ணை கனடா போகுமட்டும் நீங்கள் ஆடேக்குள்ளை உங்கடை முதுகுக்குப் பின்னாலை ஆர் நிண்டது? ஒருக்கா எண்டாலும் ‘நீரும் இரும்’ எண்டு கேட்டனீங்களோ?”

பகிடியாகத்தான் கேட்டாள். ஆனால் சிரிக்கவில்லை. லெனாட் செருப்பைப் பார்த்தான். நான் மூன்று நாளும் ஆடின ஆட்டத்தை நினைத்தேன். என் கையைப் பார்க்காமலே என் கை தெரிந்த ஆள் இவ்வளவு காலமும் குசினி அடுப்படியில் நின்றிருக்கிறாள்.

மேசையை மாமரத்துக்குக் கீழே இழுத்துப் போட்டேன். பழைய சீட்டுக்கட்டைத் தூசி தட்டினேன். நாலு கதிரை.

“மகாதேவி, வாரும். நீரும் நானும் ஒரு சோடி,” என்றேன். என் குரல் எனக்கே பெருமையாக இருந்தது.

“வேண்டாம். நான் லெனாட் அண்ணையோடை. உங்களோடை மூண்டு நாள் ஆடிப் பார்த்திட்டன்.”

லெனாட் கொஞ்சமும் வெட்கமில்லாமல் அவளுக்கு எதிரே போய் இருந்தான். எனக்கு எதிரே ரேச்சல். கிறிஸ்தவ மிஷன் குடும்பம், சீட்டுக்கட்டு படியேறாத வீடு. லெனாட் மட்டும் எங்கள் வீட்டில் வந்து கெட்டுப்போனவன். பரவாயில்லை, கையில் நல்ல சீட்டு விழுந்திருந்தது. நெஞ்சை நிமிர்த்தி இருநூறு கேட்டேன். ரேச்சல் மேசைக்கு மேலால் எட்டி, மற்றவர்களுக்குக் கேட்காமல் மரியாதையாகக் கேட்டாள்:

“அண்ணை, துரும்பு எண்டால் என்ன?”