எல்லோருக்கும் மே ஒன்று

கீழ்ப்பிரிவு லயம்,
அக்கரப்பத்தனை.
2025 ஏப்ரல் 9

பேரன்புக்குரிய செல்லசாமி மாமா அவர்களுக்கு,

மருமகள் சர்மிளா வணக்கத்துடன் எழுதும் மடல். இங்கே அப்பா, அம்மா, நான், பூனை எல்லோரும் நலம். நாகலெட்சுமி அத்தையின் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. ஹட்டனில் நீங்களும் மாமியும் உங்கள் கல்வெட்டுக் கடையும் சுகமாயிருக்க முத்துமாரியை வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பெயரைப் பிழையோடு வெட்டிவிட்டு நீங்கள் பட்ட அவதிக்குப் பிறகு, கையெழுத்திட்ட காகிதம் வந்தால்தான் உளியைத் தொடுவேன் என்று சொல்லிவிட்டீர்களாம். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். கல்லில் வரவேண்டிய நாற்பது சொற்களும் இதன் கடைசியில் இருக்கின்றன. அவசரமென்றால் நேராக அங்கே போய்விடலாம். ஆனால் போகாதீர்கள் மாமா. அவை எப்படி வந்தன என்று யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சடைத்துவிடும்.

ரோட்டு முனையில் நம் சனங்கள் சேர்ந்து கட்டிய பஸ் தரிப்பிடம் முடிந்துவிட்டது. போன வருஷம் காலமான நம் தொழிற்சங்கத் தலைவர் அழகுமுத்து ஐயாவின் பெயரை அதற்கு வைப்பதென்றும், மே முதலாம் திகதி கல்லைத் திறப்பதென்றும், கல்லில் வருவதை நான் எழுதுவதென்றும் தரிப்பிடக் குழு தீர்மானித்தது. பத்தாம் தரம் படிக்கிற என்னிடம் ஏன் கொடுத்தார்கள் என்றால், பெரியவர்கள் யார் எழுதினாலும் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்களாம். சின்னப் பிள்ளையோடு சண்டை போட யாருக்கும் வெட்கமாயிருக்குமாம். யாருக்கும் வெட்கமாயில்லை என்பது இரண்டே நாளில் தெரிந்தது. இப்போதைய தலைவர் யோகேஸ்வரன் அண்ணன் நான் தண்ணீர்க் குழாயடியில் நிற்கும்போது வந்து, "பேருக்கு முன்னால 'மலையகத்தின் விடிவெள்ளி'ன்னு போட்டுரு சர்மிளா, மறந்துறாத" என்றார். அடுத்த குடத்துக்கு நின்ற மற்றச் சங்கத்து அன்டன் அண்ணன், "விடிவெள்ளியா? பதினோரு நாளு ஸ்ட்ரைக்கைத் தொரை பங்களாவுல ஒரு கப் தேத்தண்ணியோட முடிச்சுவச்ச மனுசன்யா அவரு" என்றார். "நீங்க பாத்தீங்களா?" "எங்க அப்பா பாத்தாரு. ரெண்டு கப்." "ஸ்ட்ரைக்கு முடிஞ்சதால தான உங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சுது?" என்று ஆரம்பித்து, என் குடம் நிரம்பி வழிந்து இருவர் காலையும் நனைக்கும்வரை அது நடந்தது. எங்கள் இசபெல் டீச்சரிடம் போய் அழுதேன். "ரெண்டு பக்கத்தையும் எழுதும்மா. ஆனா நாப்பது சொல்லைத் தாண்டக் கூடாது, கல்லு சின்னது" என்றார்.

வீட்டுக்கு வந்தால் அத்தை. உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முன்னுரை இல்லாமல் எழுத எனக்கு வராது. இருபது வருஷத்துக்கு முன் நம் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பதிவு அதிகாரிகளின் நடமாடும் சேவை நடந்ததல்லவா? பிறப்புப் பதிவே இல்லாமல் அன்றைக்கு நம் தேயிலைத் தோட்டத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பதிவு இல்லாததால் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாததால் வாக்கு இல்லை. சோதனைச் சாவடியில் மறித்தால் சொல்ல வாய் மட்டும்தான். அழகுமுத்து ஐயா மூன்று வருஷம் கச்சேரி அதிகாரிகளிடம் நடந்து அந்த ஒருநாளை வாங்கிவந்தார். அந்த நாளில் சிங்கள எழுதுவினைஞர் பிறந்த திகதி கேட்டிருக்கிறார். ஒருவர் பெரிய மண்சரிவு வந்த மாசி என்றாராம், இன்னொருவர் பழைய தொரை செத்த மறுவாரம் என்றாராம், மூன்றாவது ஆள் அம்மாவைக் கேட்டுவர லயத்து வீட்டுக்கே போய்விட்டாராம். மணி பதினொன்று, இன்னும் நாலு பேர்கூட முடியவில்லை. அப்போதுதான் ஐயா மேசைக்கருகே போய் நின்று, "எல்லாத்துக்கும் மே ஒண்ணுன்னு போடுங்க மாத்தயா" என்றிருக்கிறார். "ஒக்கொமத?" எல்லோருக்குமா என்று அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். "ஒக்கொம. மே ஒண்ணு லீவு நாளு. எங்க சனம் பொறந்தநாளைக்காவது வீட்டுல இருக்கட்டும்."

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் கண் கலங்கும். அத்தைக்குக் கலங்காது. ஏனென்றால் வருஷத்தையும் ஐயாதான் முகத்தைப் பார்த்துச் சொன்னார், ஒவ்வொரு தாளிலும் சாட்சியாகக் கையெழுத்தும் வைத்தார். பொம்பளைகளின் வயதைக் கூட்டிச் சொல்வது மரியாதையில்லை என்பது அவர் கொள்கையாம். ஆகவே ஆண்களுக்கெல்லாம் கூட்டினார் (உங்களுக்கு ஐந்து), பெண்களுக்கெல்லாம் குறைத்தார். முப்பத்தொன்பது வயது அத்தை முப்பத்தொன்று ஆனார். இப்போது உண்மையில் ஐம்பத்தொன்பது, காகிதத்தில் ஐம்பத்தொன்று. உண்மைப்படி அடுத்த வருஷம் ஓய்வு. காகிதப்படி இன்னும் ஒன்பது வருஷம், அந்த முழங்காலோடு, கூடையோடு, ஏழாம் நம்பர் மலையில்.

"அவரு பெருமையெல்லாம் நல்லா எழுது. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்றார் அத்தை, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே. "கடைசியா ஒரு வரி மட்டும் போட்டுரு. நாகலெட்சுமிக்கு வயசு அம்பத்தொம்பதுன்னு."

"அது அவரோட நினைவுக்கல்லு அத்தை!"

"இருக்கட்டுமே. தோட்டத்து ஆபீசுல போய் வாயால சொன்னேன், காகிதம் கொண்டான்னாங்க. காகிதம் பொய் சொல்லுது. கல்லுல இருந்தா என்ன சொல்லுவாங்கன்னு பாக்கலாம்."

"அன்னிக்கு அவர் முப்பத்தொண்ணுன்னு சொன்னப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க? ஏன் சும்மா இருந்தீங்க?"

அத்தை தைலப் போத்தலை மூடினார். "அன்னிக்குக் கேக்க நல்லாத்தான்டி இருந்துச்சு" என்றார்.

மறுநாள் கொப்பியை எடுத்துக்கொண்டு புதுத் தரிப்பிடத்திலேயே போய் உட்கார்ந்தேன், இடம் பார்த்தாலாவது சொல் வரும் என்று. சொல் வரவில்லை, பனி வந்தது. முதலில் எதிர்மலை போனது, அப்புறம் ஃபெக்டரிக் கூரை, அப்புறம் ரோடு, கடைசியில் உட்கார்ந்திருந்த வாங்கும் நானும் மட்டும் மிச்சம். அந்த வெள்ளைக்குள் யாரோ குடை பிடித்துக்கொண்டு காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் பெயர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராகத் தேயிலைக்குள்ளிருந்து எழுந்து வந்தார்கள், எல்லோரும் அன்றைக்குத்தான் பிறந்தவர்கள், ஆனால் பிறக்கும்போதே கூடையோடும் மீசையோடும் பிறந்தவர்கள். அத்தைக்கு எழுதாமல் விட்ட எட்டு வருஷம் எங்கே போயிருக்கும் என்று யோசித்தேன். பட்டிப்பொலப் பக்கம் மேகம் ஸ்டேஷனுக்குள்ளேயே வந்து நிற்குமாமே, அங்கே யாரும் ஏறாத ரயில்போல விளக்கெரிய நின்றுகொண்டிருக்குமோ? ஒரு மனிதர் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நாளைக் கொடுத்து, அதில் பாதிப்பேரிடம் வருஷங்களை எடுத்துக்கொண்டால் அவர் நல்லவரா? எடுத்தது மரியாதைக்காக என்றால்? பஸ் வந்து ஹோர்ன் அடித்ததும் பனியில் எல்லோரும் மறைந்துவிட்டார்கள். நான் பயந்துபோய் ஏறிவிட்டேன். அது டயகமவுக்குப் போகிற பஸ், பாதியில் இறங்கினேன். திரும்பி நடந்துவரும் வழியில்தான் நாற்பது சொல்லும் வந்தன. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்:

"தோட்டத் தலைவர் அமரர் அழகுமுத்து. காகிதமே இல்லாதிருந்த நமக்குப் பிறப்புப் பதிவும், அடையாள அட்டையும், வாக்குரிமையும் பெற்றுத் தந்த பெருந்தகை. அவருடைய முடிவுகள் சிலவற்றில் சிலருக்குச் சிற்சில மாற்றுக் கருத்துகள் இருந்தபோதிலும், பெரும்பாலானவற்றில் பெரும்பாலானோருக்குப் பெரும்பாலும் உடன்பாடே. அவர் புகழ் இம்மலைகளில் மூடுபனிபோல் என்றென்றும் தவழ்க. மழைக்கு ஒதுங்குவோர் அவரை ஒரு கணம் நன்றியோடு நினைக்க."

குழுவில் இதை வாசித்தபோது யாரும் சண்டை போடவில்லை. அன்டன் அண்ணன் கொட்டாவி விட்டார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம். அத்தைக்கு இதில் இடமில்லை என்று சொன்னேன். அவர் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். அதுதான் மனதுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. பிறந்த திகதிக்கு மட்டும் இடம் விட்டு வையுங்கள். ஐயாவின் மகள் ஜெயந்தினி அக்கா அவருடைய அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

மாமிக்கு என் அன்பு. உங்கள் உளி மழுங்காமலும், கல் தூசி மூக்கில் ஏறாமலும் இருக்க எல்லாத் தெய்வமும் துணை நிற்கட்டும். உங்கள் பாதம் பணியும் மருமகள்,

சர்மிளா

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதிய நாற்பது சொற்களில் ஒன்றையும் கல்லில் வெட்ட வேண்டாம். தபாலில் போடப் போகும்போது ஜெயந்தினி அக்கா அட்டையைக் கொண்டுவந்தார். பிறந்த திகதி, 1944 மே 1. "அப்பாவுக்கும் காகிதம் இல்லியாம். அன்னிக்கு எல்லாரும் போனப்புறம் கடைசியாத் தன்னையும் பதிஞ்சிருக்காரு" என்றார். அப்படியானால் முந்நூற்றுப் பதின்மூன்று பேர். உண்மையில் என்றைக்குப் பிறந்தார் என்று அவருக்கே தெரியாதாம். கல்லில் எதைப் போடுவது என்று குழு மறுபடி கூடியது. அத்தை மலையிலிருந்து கூடையோடு நேராக அங்கே வந்து நின்றார்.

"மே ஒண்ணுன்னே போடுங்க. வயசுல மட்டும் எட்டக் கொறைச்சிருங்க. அவருக்கும் மரியாதை வேணாமா?"

"வெளையாடாதீங்கக்கா" என்றார் யோகேஸ்வரன் அண்ணன். "தேதிக்குச் சாட்சி வேணும். அவரைவிட மூத்தவங்க வேணும்."

"எங்களுக்குச் சாட்சி சொன்னாரே, அவரைவிட மூத்த எங்க பெரியப்பாவுக்கும் சொன்னாரு. கண்ணாலயா பாத்தாரு? நான் சொல்றேன் சாட்சி. சாட்சின்னா பேரும் வயசும் போடணும்ல?"

ஜெயந்தினி அக்காதான் முதலில் சிரித்தார், பிறகு அழுதார். "போடுங்க. அப்பாவா இருந்தாலும் இதத்தான் செய்வாரு" என்றார். கோபம் போய்விட்டதா என்று வழியில் அத்தையைக் கேட்டேன். "அதெப்படிப் போகும், முழங்காலு இருக்குல்ல" என்றார். ஆகவே கல்லில் வெட்டவேண்டியது இவ்வளவுதான்:

அழகுமுத்து
பிறப்பு: 1952 மே 1
எங்களுக்குப் பிறந்தநாள் கொடுத்தவர்
சாட்சி: நாகலெட்சுமி, வயது 59

கடைசி வரியை மட்டும் ஆழமாக வெட்டுங்கள் மாமா. தோட்டத்து ஆபீஸ் ஐயா தினமும் அங்கேதான் பஸ் ஏறுவார்.