தனியாகச் சாப்பிடும் பிள்ளை

கேசியா அன்றும் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். மற்ற பிள்ளைகளெல்லாம் மதிய உணவுத் தட்டோடு மரத்தடியில் கூத்தடித்துக்கொண்டிருக்க, இரண்டாம் வகுப்பு கேசியா மட்டும் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு எதையோ வெறித்துக்கொண்டிருந்தாள். எதிர் வகுப்பறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்த வேதநாயகம் சாருக்கு, ஜன்னல் வழியாக அதைப் பார்த்ததும் கவலை பிடித்துக்கொண்டது.

காரணம், அவர் அப்போதுதான் திருப்பதிக்குப் போய்ப் பிள்ளைகள் மனநலப் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தார். மற்ற ஆசிரியர்களுக்கு ரத்தக் கொதிப்பு, மகள் நிச்சயதார்த்தம் என்று தக்க காரணங்கள் இருந்தன. அவருக்கு ஒன்றும் இல்லாததால் போனார். தனியாகச் சாப்பிடும் பிள்ளை மனதுக்குள் புழுங்கும் பிள்ளை என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தலைமையாசிரியை ஜெயசீலியும் வேறொரு பயிற்சிக்குத் திருப்பதி போயிருந்ததால், சித்தூரின் அந்த மிஷன் பள்ளிக்கு இப்போது அவரே பொறுப்பு.

அதைவிடப் பெரிய கவலையும் இருந்தது. தமிழ்ப் பிரிவில் இன்னும் ஒரு பிள்ளை டி.சி. வாங்கினாலும் பிரிவையே மூடிவிட்டு அவரைச் சூளூர்பேட்டைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். போன வருஷம் மனைவியை அடக்கம் செய்தது சித்தூரில். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கல்லறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வீடு திரும்புவார். அந்தக் கொஞ்ச நேரம் இல்லாமல் வாரத்தை ஓட்ட அவருக்குத் தெரியாது.

கேசியாவிடம் போய், "ஏம்மா இங்க தனியா உக்காந்துகினு இருக்க?" என்றார்.

"சும்மா சார்."

சும்மா என்று சொல்கிற பிள்ளையிடம்தான் அதிகக் கவனம் வேண்டும் என்பதும் பயிற்சியில் வந்திருந்தது. மறுநாளே அவள் வகுப்பு சாய்குமாரை அவளுக்குத் துணையாக உட்கார வைத்தார். சாய்குமார் அதை உத்தியோகமாக எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நின்று கதை அளந்தான். "நகுருடா, மறைக்கிற" என்று அவள் ஒரு தள்ளு தள்ளினாள். அடுத்த நாள் அவன் எலும்பு பிசகிய கையில் புத்தூர்க் கட்டோடு வந்தான்.

புழுக்கம் கோபமாக மாறிவிட்டது என்று வேதநாயகம் முடிவு கட்டினார். இனி மனித முயற்சி போதாது. சபையில் ஞாயிற்றுக்கிழமை ஜெபக் குறிப்புகள் சொல்லும் வழக்கம் உண்டு. அவர் நாகரிகம் தெரிந்தவர். பேரைச் சொல்லாமல், இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவில் படிக்கும் ஒரு பெண்பிள்ளைக்காக ஜெபிக்கும்படி பாஸ்டரைக் கேட்டுக்கொண்டார். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவில் பெண்பிள்ளை என்று இருந்ததே கேசியா ஒருத்திதான் என்பது ஆமென் சொல்லும்போதுதான் அவருக்கு உறைத்தது.

பாஸ்டர் வேறு, அந்தக் குடும்பத்தின் சமாதானத்துக்காகவும் சேர்த்து உருகிவிட்டார். சாயங்காலமே மாதர் சங்கத்து அம்மாக்கள் கேக்கும் பிரியாணியுமாகக் கேசியாவின் வீட்டில் இறங்கினார்கள். அதுவரை சண்டையே போட்டிராத அவள் அம்மா ஈவ்லினும் அப்பா கிளமென்ட்டும், இல்லாத சண்டையை வெளியே சொன்னது யார் என்று அன்று ராத்திரி சண்டை போட்டார்கள்.

சேதி கேட்டுப் பதறிப்போன வேதநாயகம் சமாதானம் செய்யப் போனார். கிளமென்ட் பாகாலா ரயில்வே ஸ்டேஷன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு உம்மென்று உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரும் மனம் விட்டுப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எடுத்துச் சொல்லிவிட்டுத் திருப்தியாக வீடு திரும்பினார். அவர்களும் மனம் விட்டுப் பேசினார்கள். கல்யாணத்துக்கு வந்த மோதிரத்தில் ஆரம்பித்து மாமியார் வரைக்கும் பேசினார்கள். மறுநாள் ஈவ்லின் டி.சி. கேட்டுப் பள்ளிக்கு வந்துவிட்டாள். பிள்ளையை ரேணிகுண்டாவில் அம்மா வீட்டோடு வைத்துக்கொண்டு தெலுங்கு மீடியத்தில் போடுவதாக முடிவாம்.

ஜெயசீலி மேடம் பயிற்சி முடிந்து திரும்பிய நாளும் அதுதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தவர் பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. மேஜைக்கு ஒரு பக்கம் ஈவ்லின், மறுபக்கம் அவள் பின்னாலேயே ஓடிவந்த கிளமென்ட். கதவோரம் குற்றவாளி மாதிரி வேதநாயகம். தலையும் புரியாமல் வாலும் புரியாமல் மேடம் எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். பிறகு கேசியாவைக் கூட்டிவரச் சொன்னார்.

கேசியா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"எதுக்குடி தனியா போயி உக்கார்ற? யார்னா ஏதானா சொன்னாங்களா?" என்றாள் ஈவ்லின்.

"நைனா அடிக்க மாட்டேன், சொல்லுமா" என்றான் கிளமென்ட்.

சூளூர்பேட்டை ரயில் கண்முன்னால் ஓட, வேதநாயகம் குனிந்து பயிற்சியில் சொன்ன அதே கனிவோடு கேட்டார். "பயப்படாதம்மா. மனசுல என்ன கஷ்டம்னு மேடம் கிட்ட சொல்லு."

கேசியா அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மேடத்தின் நாற்காலியை ஒட்டிப் போய் நின்றுகொண்டு, ரகசியம் என்று நினைத்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நீங்க சொன்ன மாதிரி தினமும் எதிருல உக்காந்து பாத்துகினு தான் இருந்தேன் மேடம். சார் இன்னிக்கும் டப்பாவத் தொறந்துட்டு, துன்னாமயே மூடிட்டாரு."